பீர்க்கன்கரணையில் நெப்போலியன்

நெப்போலியன் எப்படி இருந்தான் என்று நேரில் பார்த்துச் சொல்ல பீர்க்கன்கரணையில் ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்டின் இந்த வியாபாரத்தில் இறங்கியிருந்தான்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு சூசையப்பரும் ஆடுமாடும் பிளாஸ்டரில் வார்க்கிற பட்டறை அது. கூட்டாளி சுகுமார் துபாய்க்குப் போய்விட்டான் என்று மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லியே ஆஸ்டினுக்கு வாய் வலித்தது. பாதி ஆர்டர் சுகுமாரைக் கேட்டுத்தான் வந்தது.

மேசைமேல் பழுப்பேறிய ஒரு முகம். நெப்போலியன் செத்ததும் முகத்தில் சாந்து பூசி எடுத்த அச்சு, பாண்டிச்சேரி பாதிரியார் ஒருவர் வழியாகத் தன் குடும்பத்துக்கு வந்தது என்று ஆஸ்டின் கூசாமல் சொன்னான். டீ டிகாஷனைத் தடவித் தடவிப் பழுப்பாக்கியது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வாங்க வந்த ராஜகோபால், பழம்பொருள் என்றால் உயிரை விடுகிற ரிட்டயர்டு இன்ஜினீயர். வாங்கும் முன்பே படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுப் பீற்றிக்கொண்டும் ஆகிவிட்டது. இன்று கைமாறிவிட்டால் அடுத்த வாரம் ஆஸ்டின் கனடாவில் மகள் வீட்டில் இருப்பான். ஆனால் மனுஷர், விஷயம் தெரிந்தவள் என்று ஜோவிதா என்கிற பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்.

ஜோவிதா லென்ஸை வைத்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது செத்தவர் முகம் இல்ல சார். யாரையோ உயிரோட படுக்க வச்சு எடுத்திருக்காங்க. டூப்ளிகேட்."

ராஜகோபால் எழுந்துவிட்டார். ஆஸ்டினுக்குக் கனடா கைநழுவுகிறதே என்ற ஆத்திரம். நேற்று வந்தவள் தன் தொழிலையே சந்தேகப்படுகிறாளே என்ற ரோஷம் வேறு.

"மேடம், உயிரோட இருக்கறவன் மூஞ்சில பிளாஸ்டர் ஊத்தினா, மூச்சு விட மூக்குல ரெண்டு குழாய் சொருகணும். அந்தத் தடம் இதுல எங்க கீது, காட்டுங்க. சர்ச்சுல வந்து வேணா சத்தியம் பண்றேன். இது பொணத்தோட மூஞ்சில எடுத்ததுதான்."

ஜோவிதா லென்ஸைப் பைக்குள் போட்டுவிட்டு, போலீஸ் அடையாள அட்டையை வெளியே எடுத்தாள். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த படத்தைப் பார்த்ததுமே, இது என் புருஷன் முகம் என்று சுகுமாரின் மனைவி கன்னியம்மா ஸ்டேஷனுக்கு ஓடி வந்துவிட்டாளாம். உயிரோடு இருந்தபோது எடுத்ததா, அப்புறம் எடுத்ததா என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்ததாம்.

காலையிலிருந்து ஆஸ்டின் சொன்னதில் அந்த ஒன்றுதான் உண்மை.