அடிப்பலகை

“பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று காலையில் அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். படகைச் சோதிக்க வந்த அதிகாரி நான், வேறெதைக் கேட்பேன்?

மீன்பிடித் தடை முடிய மூன்று நாள். பட்டறையில் கரையேற்றி நிறுத்திய படகு புதுப் பெயின்ட்டில் மினுங்கியது.

“தச்சர் முடிஞ்சதுன்னு சொன்னப்புறம் சுரண்டச் சொல்றது அவர் மூஞ்சில துப்புற மாதிரிம்மா,” என்றார் படகு முதலாளி. “நாலெழுத்து படிச்சா இதெல்லாம் மறந்துருமா?”

தச்சர் தலை நிமிரவில்லை. “அடிப்பலகை மாத்தியாச்சு மேடம்.”

ஸ்க்ரூடிரைவரை எடுத்து நானே குத்தினேன். சோப்புக்கட்டியில் இறங்குவது போல முழுசாக இறங்கியது.

“மக்கின பலகை, மேல புட்டி பூசி மறைச்சிருக்கு! இதுல எட்டுப் பேர் கடலுக்குப் போகணுமா?”

“பலகை கேட்டேன் மேடம். முதலாளிதான் புட்டி போதும்னுட்டாரு.”

“அப்புறம் ஏன் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டீங்க?”

முதலாளி சிரித்தார்.

“உரிமம் போனா அவருக்குத்தான் போகும். எனக்கென்ன? இத்தனை தச்சர் இருக்க, நாலு வருஷமா சும்மா இருந்தவரைத் தேடிப் பிடிச்சு எதுக்கு வேலை கொடுத்தேன்னு நினைக்கிற? எழுதும்மா, பார்ப்போம்.”

அவர் பேசி முடிக்கும் முன்பே ‘தகுதியில்லை’ என்று எழுதிவிட்டேன். அதற்கு மேலே தச்சரின் கோணல் கையெழுத்து இருந்தது. ஆறாம் வகுப்பில், என் மதிப்பெண் அட்டைக்காக நான் சொல்லிக் கொடுத்த கையெழுத்து.

தாளை முதலாளி கையில் திணித்துவிட்டு நடந்தேன்.

“பாப்பா…” என்றார் தச்சர்.

நான் திரும்பாமல் வாசலைத் தாண்டினேன்.