ஊக்கு

அப்பாவின் திவசத்தன்று அவருடைய அளவிலேயே ஒரு புதுச்சட்டை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். படையல் முடிந்ததும் ஒரே மகனான குணசீலன் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகுதான் இலை போடுவார்கள். அப்பா பெருத்த உடம்புக்காரர். குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் திணறிய ஒரு காலையில் நாற்காலியிலேயே போய்விட்டார். ஒவ்வொரு வருஷமும் அவருடைய அளவுச் சட்டை குணசீலன்மேல் கோணிப்பை போலத் தொங்கும். அக்கா பூங்கோதை முதுகுப்பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து ஊக்கு குத்திவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்த வருஷமும் ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் விரல்கள் அவன் முதுகில் இப்படியும் அப்படியும் தடவின. பிடிக்கத் துணி இல்லை.

"என்னக்கா?"

ஊக்கை வாயிலிருந்து எடுத்தாள். "சரியா இருக்குடா."

"சாமைச் சோறும் அவிச்ச காயும்தானேக்கா திங்கறேன். பலகாரத்தக் கண்ணெடுத்தும் பார்க்கறதில்லையே."

"தெரியும்டா. வாயக் கட்டலேன்னா எப்பவோ இந்த அளவுக்கு வந்திருப்பே."

கொஞ்ச நாளாகச் செருப்பு மாட்டும்போது தனக்கும் மூச்சு வாங்குவதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பொத்தான்களைக் கழற்றப் போனான்.

அறைக்குள்ளிருந்து அவன் மகள் நித்திலா ஓடிவந்தாள். போன வருஷத்துச் சட்டையைப் போட்டிருந்தாள். அது தரையில் புரண்டது. அத்தைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அத்தே, எனக்கும் ஊக்கு குத்திவிடு."