இரண்டு நட்சத்திரம்

அலபாமா உள்ளூர் வானொலி. பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், உள்ளூர்க் கல்லூரி அணிக்குப் புதிதாக வந்த தடுப்பாட்டக்காரர்களுக்குத் தொகுப்பாளர் டுவெய்ன் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் வழங்கிக்கொண்டிருந்தார்.

"டெமரியஸ் போல்க்குக்கு ரெண்டுதான். ஸ்கூல் சீசன் முழுக்க எதிராளி எறிஞ்ச ஒரு பந்தைக்கூடப் பறிக்கலை. தண்டம்!"

தொலைபேசியில் ஒரு நேயர் சீறினான்.

"அவன் பக்கம் எவனாச்சும் எறிஞ்சாத்தானே பறிப்பான்? பயந்துபோய் எல்லாரும் மறுபக்கமே எறிஞ்சோம். மாத்துங்க சார்!"

"எறிஞ்சோமா? யாருப்பா நீ?"

"கோல்டன் ரீவ்ஸ்."

டுவெய்னுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்று அவர் ஐந்து நட்சத்திரம் தந்து கொண்டாடிய பந்தெறி வீரன்!

"தம்பி, பெரிய பெரிய காலேஜையெல்லாம் உதறிட்டு நம்மகிட்ட வந்த தங்கமாச்சே நீ!"

"உங்க அஞ்சு ஸ்டாரை நீங்களே வச்சுக்கங்க. போல்க் இங்க சேர்றான்னு தெரிஞ்சுதான் நானும் சேர்ந்தேன். இன்னொரு தடவை அவனுக்கு எதிரா ஆட என்னால ஆகாது!"