பின்னறையில் பன்னிரண்டு ஃபிளாஸ்க்குகள்

திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிரிண்டருக்குப் பேப்பர் எடுக்க ஆய்வகத்தின் பின்னறைக்குப் போனேன். எப்போதும் பூட்டியிருக்கும் அறை, அன்று திறந்திருந்தது. மூலையில், பழுது என்று நான் எப்போதோ தள்ளிவைத்த இன்குபேட்டர் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் மீடியா என்கிற இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்துக்கு அடியில் மனித செல்கள், கொழுகொழுவென்று.

எங்கள் ஆய்வகத்தில் எந்த ஃபிளாஸ்க்காக இருந்தாலும் அதில் என் பெயரின் முதலெழுத்து இருக்க வேண்டும். அது நான் போட்ட சட்டம். இவற்றில் வெறும் பச்சைப் புள்ளி.

செல் வளர்ப்பது டெக்னீஷியன் பெண் ஒருத்திதான். எட்டு வருஷமாக இருக்கிறாள். யாருக்காக வளர்க்கிறாள்?

மேல்மாடி ஆய்வகத்துக்காரருக்கு என்று என் மனசு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவரும் நானும் ஒரே புரதத்தின் பின்னால் ஓடுகிறவர்கள். வைரஸ் உள்ளே புகுந்தால், மனித செல்லில் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு அபாயச் சங்கு ஊதும். வைரஸின் இந்தப் புரதம் அந்த மரபணுக்களைத் தட்டித் தூங்கவைத்துவிடும். எப்படி என்று முதலில் சொல்பவருக்குத்தான் பெயர். எனக்கோ ஐம்பத்தாறு வயசு. வழுக்கை வந்துவிட்டது, பெயர்தான் வரவில்லை.

என் அறைக்குப் போய் வேலைநீக்கக் கடிதம் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் எழுதிய ஒரே பக்கம் அதுதான்.

டெக்னீஷியனைப் பின்னறைக்குக் கூப்பிட்டேன். கூப்பிடாமலே ஆராய்ச்சி மாணவியும் கூட வந்தாள்.

"இதெல்லாம் யாருக்கும்மா?"

அவள் இன்குபேட்டர் கதவைச் சரியாகச் சாத்தினாள்.

"மேல்மாடிக்கா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்ப உன் வீட்டுக்கா? செல்லு என்ன ரோஜாச் செடியா, தொட்டியில வச்சு வளர்க்க?"

கடிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

"சரி சார். இந்தப் பன்னிரண்டுக்கும் நாளைக்கு மீடியா மாத்தணும். யார்கிட்ட சொல்லிட்டுப் போகட்டும்?"

மாணவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீ சும்மா இரு. உன் தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்."

"போடாட்டி போறார். சார், இதுதான் நம்ம செல். நம்ம ரிசல்ட் எல்லாமே இதுலேர்ந்து வந்ததுதான்."

"அப்ப முன்னறையில இருக்கறது? தினம் காலையில போய்ப் பார்க்கறேனே, அது?"

"அது உங்களுக்கு சார்."

"எனக்கா?"

"நீங்க திறந்து பார்க்கறதுக்கு. பக்கத்துல நின்னு எங்களுக்குப் பாடம் எடுக்கறதுக்கு."

டெக்னீஷியன் பெருமூச்சு விட்டாள். "ஆறு வருஷம் முன்னாடி ஞாபகம் இருக்கா சார்? வைரஸும் போடலை, புரதமும் போடலை, சும்மா இருந்த செல்லுகூட சங்கு ஊத ஆரம்பிச்சுது."

ஞாபகம் இருந்தது. அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, ஒரு கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்திருந்தேன்.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம் சார். செல்லுல ஒரு கிருமி. மனுஷங்க வாயில குடியிருக்கற வகை. பேசும்போது எச்சில் தெறிச்சு வர்றது."

"யார் வாயில?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

"புதுசா நல்ல செல்லை வாங்கி இங்க வச்சுட்டோம். முன்னறையில உங்களுக்குத் தனியா பன்னிரண்டு. அதுக்கும் ரெண்டு நாளைக்கு ஒருதரம் மீடியா மாத்திடறேன் சார். நீங்க வந்து பார்க்கும்போது வாடிக் கிடந்தா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு."

ஆக, ஆறு வருஷமாக நான் கிருமிகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். போன வருஷம் பாராட்டு வாங்கிய கட்டுரை, என் வாய் படாததால் பிழைத்திருக்கிறது.

"அந்தக் கடிதத்தைக் கொடும்மா."

கொடுத்தாள். கிழித்தேன். அதுகூட நேராகக் கிழிய மறுத்தது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் தலைவர் என்று ஒரு பதவி இருக்கிறதே.

"இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன புலியா, கடிச்சுத் தின்ன?"

"செல்லை இடம் மாத்தறதுக்கு முன்னாடியே சொன்னோம் சார், மீட்டிங்குல. பேர் சொல்லலை. 'யாரோ ஒருத்தர் மாஸ்க் போடாம பேசறாங்க, செல் கெட்டுப்போகுது'ன்னு பொதுவா சொன்னோம்."

"நான் என்ன பண்ணினேன்?"

"உங்களுக்கு ரொம்பக் கோவம் வந்துடுச்சு. எங்க எல்லாரையும் முன்னறைக்குக் கூட்டிட்டுப் போய், வரிசையா நிக்கவச்சு, மாஸ்க்கோட அருமையைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினீங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதான் சார். ஆனா, கடைசியில நிக்கறவங்களுக்கும் தெளிவாக் கேக்கணும்னு, நீங்க மட்டும் மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசினீங்க."