மூடிக் கிடந்த மலை

"மலையே மேகத்துல மூடிக் கிடக்கு மாப்ளே. கழட்டி வச்சிட்டு இறங்குங்க," என்றார் தங்கபாண்டியன்.

ஜேசுதாஸ் அசையவில்லை. 1956. போடியில் தன் வீட்டு மொட்டைமாடியில், தகரத்தில் தட்டிய குழிவான ஆண்டெனாவைப் பிடித்தபடி நின்றான். எதிர்மலையில், குரங்கணி மேட்டில் இதேபோல் இன்னொன்றோடு அவன் மனைவி கிரேஸ் காத்திருந்தாள். சொந்தமாக வானொலிக் கருவி வைத்துப் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்களான இருவருக்கும், மைக்ரோவேவ் என்னும் நுண்ணலையில் பேசிக் காட்டிவிட வேண்டுமென்று பிடிவாதம்.

"நேர்கோட்டுல போற அலைன்னு நீங்கதான சொன்னீக. மலை தெரிஞ்சா நானாவது திசை சொல்லுவேன். என் தங்கச்சி அங்க குளிர்ல நடுங்குறா. ஆகாத சோலியை விடுங்க."

"ஆகுமா ஆகாதான்னு நான் சொல்றேன் மச்சான்."

ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஜேசுதாஸ் ஆண்டெனாவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். இரைச்சல்தான் கேட்டது. விடாமல் திருப்பினான். இரைச்சலைப் பிளந்துகொண்டு கிரேஸின் குரல் வந்தது.

"கேக்குதாங்க?"

"நல்லாக் கேக்குது கிரேஸு."

அவன் ஹெட்போனை மச்சானிடம் நீட்டினான். தங்கையின் குரலைக் கேட்டதும் தங்கபாண்டியன் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மேகம் இன்னும் விலகவே இல்லையே மாப்ளே."

"மேகம் உங்களுக்குத்தான் மச்சான்," என்றான் பிறவியிலேயே பார்வையில்லாத ஜேசுதாஸ். "அடுத்து டாப் ஸ்டேஷன் உச்சிக்கு ஏறச் சொல்லுங்க உங்க தங்கச்சியை."