ஒரு சாக்கு மண்

"மண்ணா? என்கிட்டயே வந்து மண்ணு கேக்குறியா நீ?"

செல்லையா போட்ட சத்தத்தில், லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே வெறுஞ்சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கராஜு நின்றான். மலையூரான கோலா தெர்லாவில், செல்லையாவின் இதே கோஸ் தோட்டத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவன். எழுபத்தாறாம் வருஷப் பொங்கலன்று செல்லையாவின் ஒரே மகள் அம்சவல்லியைக் கூட்டிக்கொண்டு போய்க் கோயிலில் தாலி கட்டியவன். இப்போது இருவருக்கும் தேயிலை எஸ்டேட்டில் வேலை, அங்கேயே தொழிலாளர் லயத்து வீட்டில் குடித்தனம்.

"செத்தாலும் அவ மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று அன்றைக்கு ஊர் கேட்கக் கத்தியவர் செல்லையா. கத்தியது வாய்தான், மனசு கேட்கவில்லை. பிரிஞ்சாங் கடைத்தெருவுக்குக் காய்கறி கொண்டுபோகும்போதெல்லாம், கூட்டத்தில் மகள் தட்டுப்பட மாட்டாளா என்று கண் தேடும். அவளைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை. ஆனால் தானாகப் போய்ப் பார்க்க வீம்பு விடுமா? குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம் அவர்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி." மாமா என்று கூப்பிட தங்கராஜுவுக்கு நாக்கு எழவில்லை. "விவசாய ஆபீஸ்ல புது சோயா வெதை குடுத்தாங்க. ரெண்டு ரகத்தக் கலந்து, இந்தக் குளிருக்குன்னே உண்டாக்குன வெதையாம். எஸ்டேட் ஓரத்துல போட்டுருக்கேன். மொளைச்சிருச்சு, ஆனா எலையெல்லாம் மஞ்சளிச்சு நிக்குது லா."

"ஒரம் போடு."

"சோயாவுக்கு அது வேணாமாம். வேர்ல சின்னச் சின்னதா முடிச்சு விழணுமாம். அந்த முடிச்சுல ஒரு கிருமி குடியிருந்து, காத்துல இருக்குற சத்த இழுத்துச் செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குச் சோறு போடும். ஒண்ண விட்டு ஒண்ணு இருந்தா ரெண்டுக்கும் சுகமில்ல."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அந்தக் கிருமி புது மண்ணுல இருக்காது. முன்ன சோயா வெளைஞ்ச மண்ணுலதான் இருக்குமாம். அதுல ஒரு சாக்கு அள்ளிப் போட்டா செடி பச்சை புடிச்சிரும்னு ஆபீசர் சொன்னாரு. அதான், நம்ம தோட்டத்து மண்ணு..."

வாசலில் நின்ற செல்லையாவின் மனைவி இராசம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ உள்ள போய்க் கோப்பி போடு!" என்று அதட்டிவிட்டு, செல்லையா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்தவர் திரும்பாமலே கேட்டார். "நீ மட்டுமா வந்த?"

"அவளும் வந்திருக்கா மொதலாளி. ரோட்டுலயே நிக்கிறா. உள்ள வர பயமாம்."

செல்லையா ஒருமுறை செருமிக்கொண்டார். "சாக்கு வாயப் புடிக்க ஆள் வேணும்ல? கூப்புடு."

அம்சவல்லி வந்தாள். இளைத்திருந்தாள். கொழுந்து கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். அவர் வெட்டி வெட்டிப் போட்டார். பாதிச் சாக்கு நிறைந்தபோது அவள் கண்ணீர் மண்ணில் சொட்டியது.

"அழுவாத. மண்ணு நனைஞ்சா தூக்கக் கனம்" என்றார் செல்லையா. அவர் குரலே உடைந்துவிட்டது.

"அப்பா!" என்று அவள் கதற, மண்வெட்டி எங்கேயோ போய் விழுந்தது. மண் ஒட்டிய கையோடு மகளைக் கட்டிக்கொண்டார்.

சோறு தின்ன வைத்துத்தான் அனுப்பினார்கள். கோஸ் லாரியிலேயே மகளையும் மருமகனையும் ஏற்றிவிட்டு, "ஒரு சாக்கு பத்தாது. வாரா வாரம் வந்து அள்ளிட்டுப் போங்க. அவளையும் கூட்டிட்டு வாங்க, தனியாப் புடிச்சா மண்ணு சிந்தும்" என்றார் செல்லையா.

"சரிங்க மாமா."

லாரி வளைவு திரும்பியதும் இராசம்மா கணவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, நம்ம தோட்டத்துல கோஸுதான போட்டோம், என்னைக்கு சோயா போட்டோம்? இல்லாத கிருமி எங்கேருந்து வரும்? இப்படிப் பொய் சொல்லி அனுப்பிட்டீங்களே!"

செல்லையா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போடி பைத்தியக்காரி, அஞ்சு வருஷம் இங்கயே கோஸ் வெட்டுன மாப்பிள்ளை, அது தெரியாமயா சாக்கத் தூக்கிட்டு வந்தாரு?"