பிழைத் தாள்

இதை எனக்கு முதலில் சொன்னவள், பிரெயில் அச்சகத்தில் தாள் அடுக்கும் என் பக்கத்து வீட்டுக்காரி. சொல்லும்போதே அவளுக்குக் கோபம் தாளவில்லை.

"எங்க மேலாளரம்மாவுக்கு மனசே கிடையாது டீச்சர்! கண் தெரியாத பெரியவர்மேல அப்படி எரிஞ்சு விழறாங்க."

பெரியவர் அங்கே பிழை திருத்துபவர். அவருடைய பேத்திக்கும் பார்வையில்லை. பிறந்து வளர்ந்ததெல்லாம் கடல் கடந்து, தமிழ் அறியாள். தொலைபேசியில் "தாத்தா" என்பாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சில்லை.

அவள் நாட்டுப் பள்ளிகளுக்கான கதைப்புத்தகம் அந்த அச்சகத்துக்கே வேலையாக வந்தது. பெரியவர் ஒரு தாளைத் தடவிப் பார்த்தார். அதே ஆறு புள்ளிகள்தாம். ஆனால் நமக்கு 'ஆ'வாக இருப்பது அங்கே வேறெதுவாகவோ இருந்தது. விரலுக்குத் தெரிந்தது, மனத்துக்கு எட்டவில்லை.

"இதுல ஒரு தாள் கிடைக்குமாம்மா? மகள் போன்ல எழுத்தெழுத்தா சொல்லித் தருவா. பேத்தியோட விரல் போற வழியில என் விரலும் போயிட்டு வரட்டுமே" என்று மேலாளரிடம் கேட்டார்.

"நல்ல தாள் வெளியே போனா என் வேலை போயிடும். இந்த வயசுல புது மொழியா? போய் வேலையைப் பாருங்க ஐயா!"

ஆயினும் மாலைதோறும் கூடையில் ஒரு தாள் கிடக்கும்.

"பிழைத் தாள். குப்பைக்குப் போறதுதான், எடுத்துத் தொலைங்க" என்பார் மேலாளர். பெரியவர் கைகூப்பிவிட்டு எடுத்துக்கொள்வார்.

"தப்புத் தப்பா இருக்கிறதைப் படிச்சு அவர் எப்படி டீச்சர் கத்துக்குவார்?" என்று பொருமினாள் அவள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பிழையான பாடத்தைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் வந்தாள். இம்முறை குரல் தணிந்திருந்தது.

"நேத்து பேத்திக்கு ஒரு கதை முழுசும் போன்ல படிச்சுக் காட்டினாராம் டீச்சர். 'இன்னும் படி தாத்தா'ன்னு அவ மொழியிலேயே கேட்டாளாம்."

"அந்தப் பிழைத் தாள்களை வைத்துக்கொண்டா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். சிரிச்சுட்டார். 'காலமெல்லாம் பிழை பிடிச்ச கை அம்மா இது. அந்த மொழி பிடிபட்டதும், முதல் வேலையா பழைய தாளையெல்லாம் எடுத்துப் பிழை தேடினேன்'னார்."

"எத்தனை இருந்ததாம்?"

"ஒரு புள்ளிகூடத் தப்பா இல்லையாம் டீச்சர்."